கூடுதலாக ஓர் ஆள்

அந்த ஊர் விமான நிலையத்தை விமான நிலையம் என்று சொன்னாலே பெருநகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கூடம், ஒரு கவுண்ட்டர், ஒரு கழிப்பறை, அதன் சாவி தொங்குகிற ஓர் ஆணி. மதியம் ஒரு விமானம் வரும். வந்ததே திரும்பிப் பெருநகரத்துக்குப் போகும். அதுவும் மூக்கில் விசிறி சுற்றுகிற குட்டி விமானம். தலையைக் குனிந்துதான் ஏற வேண்டும். நிமிர்ந்து ஏறப்போன வக்கீலின் நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் எதிரில் அந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். மலையைச் சுற்றிப் போகிற பஸ் ஒரு பகலையும் ஓர் இரவையும் விழுங்கிவிடும். விமானமோ மலையைத் தாண்டி, நீங்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் பெருநகரத்தில் இறக்கிவிடும்.

குட்டி விமானம் என்பதால் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஓடுபாதை குட்டை. அது முடிகிற இடத்தில் மலை நிற்கிறது. வெயில் ஏறிவிட்டால் வழக்கமாகத் தூக்குகிற பாரத்தை விமானம் தூக்காது. அதனால் கூடத்தின் நடுவில், மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று போட்டிருந்தார்கள். மேடை கீழே, வட்ட முகமும் முள்ளும் மேலே.

முன்பு கவுண்ட்டரில் இருந்த ஆளுக்கு அந்தத் தராசென்றால் ஒரே கொண்டாட்டம். ஒவ்வொருவரும் ஏறியதும் ஏலம் போடுகிறவரைப் போல எடையைக் கூவுவார். கூடம் சிரிக்கும். ஒருநாள் பேக்கரியம்மா ஏறினாள். கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவள், நல்ல பருமன். அந்த ஆள் எண்ணைக் கூவியதோடு நிற்காமல், "விமானத்துக்கு இன்னொரு விசிறி வேணும் போல" என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்துவிட்டார். விமானம் ஏற வந்தவளின் மானம் கப்பல் ஏறிவிட்டது. பேக்கரியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அன்று முதல் விமானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனதும் பஸ், மகளுக்குக் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டு வந்ததும் பஸ்.

அந்த ஆள் வேலையை விட்டுப் போனபோது கவுண்ட்டருக்கு வந்தவள், பேக்கரியம்மாவின் அண்ணி. அதாவது அவளுடைய அண்ணன் மனைவி. அண்ணன் அதே நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அண்ணி வந்த முதல் நாளே செய்த வேலை, கணவரைக் கூப்பிட்டுத் தராசை இழுத்து, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியதுதான். முள்ளை இனி அவள் ஒருத்தி மட்டும் எட்டிப் பார்ப்பாள். அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்தாள். ஆள் தனி, பெட்டி தனி என்று நிறுக்க மாட்டாள். பெட்டியோடு ஏறி நிற்க வேண்டும், மொத்தமாக ஓர் எண். அதில் மனிதர் எவ்வளவு, மாற்றுத்துணி எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. ஊர் அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வைத்தது. யார் எடையையும் யார் காதிலும் போட்டதில்லை. அதேசமயம் எழுதுகிற எண்ணில் ஒரு கிலோ கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அவள் கணக்கை நம்பித்தான் கேப்டன் மலையை நோக்கி விமானத்தை ஓட்டினார்.

இத்தனையும் யாருக்காகச் செய்தாளோ, அவள் மட்டும் வரவே இல்லை. "தராசு சுவரைப் பாத்தா என்ன, கூரையைப் பாத்தா என்ன, ஏறுற நான்தானே அண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும்தான் என்று உலகம் முடிவு கட்டி வைத்திருக்கிறது. இவர்கள் விஷயத்தில் அந்த முடிவு செல்லாது. காலையில் அடுப்பிலிருந்து எடுத்த முதல் பன் இரண்டு தராசக்காவின் கவுண்ட்டருக்குப் போய்விடும். தின்றுவிட்டு தராசக்கா திட்டுவாள். என் உடம்பில் ஏறியிருப்பதெல்லாம் உன் கடைச் சரக்குதான், ஒருநாள் வந்து வாடகை கேட்கப்போகிறேன் என்பாள். ஆனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. கூடம் காலியாக இருக்கும்போது, கதவைத் தாழ்போட்டுவிட்டு, அவ்வப்போது தராசில் ஏறிப் பார்ப்பாள். கணவரிடம் அறுபத்தைந்து என்று சொல்லி வைத்திருந்தாள். அவர் அதை நம்பி வாழ்ந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கவுண்ட்டரை மூடப்போகிற நேரத்தில் பேக்கரியம்மா ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்வை, முழங்கை வரை மாவு, தோளில் ஒரு பெரிய பை. பெருநகரத்தில் இருக்கிற மகளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதத்தை நம்பி பஸ்ஸுக்கு நாள் பார்த்து வைத்திருந்தாள். இன்று வலி எடுத்துவிட்டதாம். மாப்பிள்ளை போன் செய்திருக்கிறான். மகள் போனைப் பிடுங்கி, "அம்மா, நீ வராம நான் பெத்துக்க மாட்டேன்" என்று அழுதிருக்கிறாள். தகப்பன் இல்லாத பிள்ளை, இவளை விட்டால் அவளுக்கு யார்?

தராசக்கா எதையும் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. காலியாக இருந்த கடைசி இருக்கையை எழுதினாள். தராசைக் காட்டினாள்.

பேக்கரியம்மா தராசின் முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். கால் எழவில்லை. முகம் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் பேப்பர் படித்துக்கொண்டும் விசிறிக்கொண்டும்தான் இருந்தார்கள். ஆனால் அவள் காதில் பழைய சிரிப்பு கேட்டிருக்க வேண்டும். திரும்பி, குரல் இறங்கிப்போய், "அண்ணி, நான் பஸ்லயே போயிடறேன்" என்றாள்.

"பஸ்ல நீ போய்ச் சேர்றதுக்குள்ள உன் பேரப்பிள்ளை நடந்து வந்து கதவைத் திறந்துவிடும்" என்றாள் தராசக்கா. சொல்லிவிட்டுக் கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனாரின் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம். முள்ளுக்கு யாரு என்னன்னு தெரியவா போகுது."

ஏறினார்கள். நடுவில் பை, இரண்டு பக்கமும் இரண்டு பேர், விழாமலிருக்க ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு. தராசு ஒரு முனகல் முனகியது. தராசக்கா கழுத்தை வளைத்து முள்ளைப் பார்த்தாள். போய் அந்த எண்ணை எழுதினாள். தன் எடையை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கழிக்கிற எண் அவளுக்கு மனப்பாடம்.

பென்சிலை வைத்த இடத்திலிருந்து எடுப்பதற்குள் பேக்கரியம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. பிரசவ அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். பேக்கரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை அண்ணியிடம் நீட்டிவிட்டாள். தராசக்கா மாப்பிள்ளைக்குத் தைரியம் சொன்னாள், நாத்தனாருக்குத் தண்ணீர் கொடுத்தாள், முன்றானையால் அவள் கன்னத்து மாவைத் துடைத்தாள், சீட்டைக் கையில் திணித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். வெளியே விமானம் இறங்குகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் எல்லா எண்ணையும் கூட்டி, மொத்தத்தை எழுதி, கேப்டனுக்குக் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். கேப்டன் தொப்பியில்லாமல் உள்ளே வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாரம் அதிகம், யாராவது ஒருவர் நாளைக்கு வர வேண்டும். இதை அவர் ஆள் வைத்துச் சொல்லமாட்டார், தானே வந்து கேட்பார். அது அந்த நிலையத்தின் மரியாதை. கேட்டால் யாராவது எழுந்துவிடுவார்கள். பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்தான். அவருக்கு வீட்டைவிட அந்தக் கூடம் பிடிக்கும் என்று பேச்சு.

அன்று யாரும் எழவில்லை. ஏஜெண்டுக்கு மறுநாள் கண் ஆபரேஷன். வக்கீலுக்குக் கோர்ட். மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் பரீட்சை. ஒவ்வொருவரும் கேப்டன் முகத்தைப் பார்க்காமல் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். யாரும் எழாவிட்டால் கடைசியாகத் தராசில் ஏறியவர் இறங்க வேண்டும் என்பது விதி.

அதை யாரும் சொல்வதற்கு முன்பே பேக்கரியம்மா எழுந்தாள். அழுதிருந்தாலாவது பரவாயில்லை, அவள் சிரித்தாள்.

"நான்தான். எனக்குத் தெரிஞ்ச கதைதானே இது."

தராசக்கா கவுண்ட்டரை விட்டு வெளியே வந்தாள். கேப்டனைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினாள். பிரசவம் என்றாள், தலைப்பிரசவம் என்றாள், தகப்பனில்லாத பெண் என்றாள். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. முகம் வாடிப்போய், "நான் கேட்டுடுவேன் அக்கா, அந்த மலை கேக்காதே" என்றார். ஒரு முழு ஆள் எடை கூடுதலாக இருக்கிறது, ஒன்றிரண்டு பெட்டியை இறக்கிச் சமாளிக்க முடியாது என்றும் சொன்னார். திருத்தி எழுதச் சொல்லி அவர் திருப்பிக் கொடுத்த தாள் அவள் கையில்தான் இருந்தது. ஓர் எண்ணை அழித்து வேறு எண் எழுத ஒரு நொடி போதும். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு உடம்பு கூசியது. அந்த விமானத்தில் போகப்போவது இதே நாத்தனார்தானே.

வெளியே அவள் கணவர் வண்டியிலிருந்து தங்கையின் பையை எடுத்துக் கீழே வைத்தார். எத்தனையோ பெட்டிகளை ஏற்றி இறக்கியவர், அந்தப் பையை மட்டும் கண்ணாடிச் சாமானைப் போல வைத்தார்.

பேக்கரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க ஏன் அண்ணி மூஞ்சிய தொங்கப்போட்டுக்கறீங்க. நாம ரெண்டு பேரும் ஏறினப்பவே அந்தத் தராசு முனகிச்சு. அப்பவே எனக்குத் தெரியும்."

ரெண்டு பேரும் ஏறினப்பவே.

தராசக்காவுக்குப் பொறி தட்டியது. தாளைப் பார்த்தாள். நாத்தனாரின் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தாள். கழிக்கவில்லை! பையோடு சேர்த்து நாத்தனாரை எழுதி, அதோடு சேர்த்துத் தன்னையும் எழுதி, இந்தச் சனியன் பிடித்த வெயிலில் மலையைத் தாண்ட அனுப்பப் பார்த்திருக்கிறாள். கேப்டன் அதற்குள் கதவைத் தாண்டி விமானத்துக்குப் பாதி தூரம் போயிருந்தார்.

"கேப்டன்! நில்லுங்க! கூடுதலா இருக்கறது நான்தான்!"

கூடம் முழுக்கத் திரும்பியது. கேப்டன் திரும்பி வந்தார். டிக்கெட்டே எடுக்காத அக்கா எப்படிக் கூடுதலாக இருக்க முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. நடந்ததை மூச்சுவாங்கச் சொன்னாள். அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சரி, உங்க எடை எவ்வளவு, கழிச்சிடலாம் என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கதவருகே அவள் கணவர், தங்கையின் பையைக் கையில் பிடித்தபடி, அறுபத்தைந்தை நம்பிக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் மானம் காத்தவளுக்குத் தன் மானம் மட்டும் மலிவா? அவளுக்கும் கூசத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் நாத்தனார், கசங்கிய சீட்டை இன்னும் விடாமல் பிடித்தபடி நின்றாள்.

"வாய்ச்சொல் எதுக்கு? மலை கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. என்னங்க, இங்க வாங்க, இதைத் திருப்புங்க" என்றாள் கணவரிடம்.

இத்தனை வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தராசு கூடத்தைப் பார்த்துத் திரும்பியது. தராசக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். செருப்புக்குள் என்ன பெரிய எடை இருந்துவிடப்போகிறது, இருந்தாலும் கழற்றினாள். முள் ஓடியது, நின்றது. அதைப் படிக்கவும் அவள் யாரையும் விடவில்லை, தானே படித்தாள், போர்டிங் அறிவிக்கிற அதே குரலில்.

"எழுபத்தெட்டு."

"அறுபத்தஞ்சுன்னு சொன்னியே" என்றார் கணவர். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை பாவம், வாயிலிருந்து வந்துவிட்டது.

"அது கல்யாணத்தன்னிக்கு" என்றாள் தராசக்கா. "மீதி உங்க தங்கச்சி கடை பன்னு."

கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன.

கேப்டன் கழித்துப் பார்த்தார். சரியாக வரும் போலத்தான் இருக்கிறது என்றார். ஆனால் போல என்று சொல்லி அவர் விமானம் ஓட்ட முடியாது. கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறியதில் முள் எங்கே நின்றதோ, அதை வைத்துக் கழித்த கணக்கு எப்படிக் கணக்காகும்? பேக்கரியம்மாவைத் தனியாக நிறுக்க வேண்டும். அதைக் கேட்க அவருக்கே வாய் வரவில்லை. தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தராசக்கா உடனே தராசை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கணவரைப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணி. அப்படியே இருக்கட்டும். நேரமாச்சு" என்றாள் பேக்கரியம்மா.

பையை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அண்ணியின் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். கால் எழுந்தது.

அப்போது ஒன்று நடந்தது. வக்கீல்தான் ஆரம்பித்தார். நாற்காலியோடு திரும்பி ஜன்னல் வழியே ஓடுபாதையைப் பார்க்கத் தொடங்கினார். ஏஜெண்ட் திரும்பினார். மருந்துக்கடைக்காரர், தன் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டுத் தானும் திரும்பினார். ஒருவர் சொல்லி ஒருவர் செய்ததில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில் காய்கிற காலி ஓடுபாதையை, அதில் ஏதோ பெரிய அதிசயம் நடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரியம்மா அந்த முதுகுகளைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். கேப்டனும் தராசக்காவும்தான் பார்த்தார்கள், அவர்கள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கேப்டன் தாளில் எழுதினார், கூட்டினார், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், கூடமே எழுந்து பைகளைத் தேடியது.

படிக்கட்டில் ஏறுவதற்கு முன் பேக்கரியம்மா ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். மாவு முழுக்கத் தராசக்காவின் சேலையில் ஒட்டிக்கொண்டது. என்ன சொல்வது என்று தெரியாமல், நாளைக்குப் பன் போட ஆளில்லையே அண்ணி என்றாள். ஒருநாள் பட்டினி கிடந்தால் எழுபத்தேழு ஆவேன், நீ தலையைக் குனிந்து ஏறு என்றாள் தராசக்கா. விமானம் ஓடியது, எழுந்தது, மலையை நன்றாகவே தாண்டியது. அது புள்ளியாகிற வரை அவள் வெயிலில் நின்றாள். பக்கத்தில் வந்து நின்ற கணவர், எழுபத்தெட்டு ஒன்றும் அப்படித் தெரியவில்லை என்றார். வேலையைப் பாருங்கள் என்றாள், ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது.

மாலையில் கூடத்தைப் பூட்டப்போகிற நேரத்தில் போன் வந்தது. கணவர் நாற்காலிகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கூடத்தைக் கூட்டித் துடைக்கிற அம்மாள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ரெண்டே முக்கால் கிலோ" என்றது குரல். வேறு எதையும் முதலில் சொல்லவில்லை. "நான் போய்ச் சேர்ந்து, அவ கையைப் பிடிச்சேன், அப்புறம்தான் பெத்தா. நர்ஸ் குழந்தையைத் தராசுல போட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிச்சாங்க அண்ணி. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நீங்களும் படிங்க. மைக்ல படிங்க. நான் கேக்கறேன்."

தராசக்கா போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அந்தக் காலிக் கூடத்துக்கும், வெளியே ஓடுபாதைக்கும், அதற்கப்பால் இருக்கிற மலைக்கும் கேட்கிற மாதிரி, ரெண்டே முக்கால் கிலோ, ரெண்டே முக்கால் கிலோ என்று இரண்டு முறை அறிவித்தாள். குரல் இரண்டாவது முறை உடைந்துபோனது. கூட்டுகிற அம்மாள் ஈரக்கையோடு கைதட்டினாள்.

ஆணா பெண்ணா என்று கணவர் கேட்டபோதுதான், அதைக் கேட்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.